வலது பக்கத்து ஆக்சில்

"இந்த ரப்பர் உறைய அறுங்க ஆசானே. உள்ள பார்க்கணும்."

லிஜி சொன்னதும் பட்டறையில் ஸ்பானர் சத்தம் நின்றது. லிஃப்டில் ஏறி நின்ற வெள்ளைக் காருக்கு அடியில் மூத்த மெக்கானிக் தாமோதரன் ஆசான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். லிஜி வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி ஸ்கரியா ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். எதை வேண்டுமானாலும் கேள், ஆசான் கிளிப் போட்டு முடித்ததைத் திறக்கச் சொல்லாதே. கட்டப்பனையில் இருபத்திரண்டு வருஷமாக யாரும் சொன்னதில்லை.

"ஏன் மோளே, ராத்திரி கனவுல ஆக்சில் வந்துச்சோ?" என்றார் ஆசான்.

வண்டி ஔசேப்புச் சேட்டனுடையது. வாரத்தில் மூன்று நாள், டயாலிசிஸுக்குப் போகும் மூன்று நோயாளிகளை மலையிறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சாயங்காலம் திரும்ப ஏற்றிவருவார். கொண்டை ஊசி வளைவில் திருப்பும்போதெல்லாம் முன்சக்கரத்தில் டக் டக்கென்று கேட்கிறது என்று விட்டுப்போனார். இரண்டு பக்கமும் ஆக்சில் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை, அதாவது பூட், கிழிந்து, கிரீஸ் வெளியே சிதறி, மண்ணும் மழைத் தண்ணீரும் ஜாயின்ட்டுக்குள் போயிருந்தது. இரண்டு ஆக்சிலும் புதுசாக மாற்ற வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதியவள் லிஜி. வேலை முடிந்ததும் கீழே கையெழுத்துப் போட வேண்டியவளும் அவள்தான். வாசலில் 'என்ஜினியர் பார்த்துத் தரும் வண்டி' என்று போர்டு வைத்திருந்தார் ஸ்கரியா. அந்த என்ஜினியர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுபவரின் மகள். அவள் வீட்டில் வேறு யாரும் காலேஜ் வாசல் மிதித்ததில்லை.

ஆசான் வேலையை முடித்ததும், நேற்று மாலை பள்ளி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியை வட்டம் சுற்றவிட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. புதுக் கிரீஸ் அடைத்தால் தேய்ந்த ஜாயின்ட்டும் பத்துப் பதினைந்து நாள் வாயைத் திறக்காது. லிஜி அந்த அமைதியை நம்பவில்லை. சக்கரத்தின் நடுவில் இருந்த நட்டைப் பார்த்தாள். ஆக்சிலை மாட்டியதும் நட்டின் விளிம்பை உளியால் தட்டி மடக்குவார்கள். புது ஆக்சிலோடு புது நட் வரும். இடது நட்டில் ஒரே உளித்தடம், பளபளவென்று. வலதில் இரண்டு. ஒன்று துருப்பிடித்த பழைய தடம்.

"நட் பழசு ஆசானே."

"நட்டைத்தானே பார்த்தே? நான் ஜாயின்ட்டையே பார்த்தவன்."

"அப்ப நானும் பார்க்கறேன்."

"பி.டெக் கண்ணுக்கு ரப்பருக்கு மேலயிருந்தே உள்ள தெரியணுமே! எங்கள மாதிரியா?" ஆசான் சிரித்தார். கத்தியை மட்டும் எடுக்கவில்லை.

சத்தம் கேட்டு ஸ்கரியா வந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. "கொச்சியிலேர்ந்து வந்த பார்சல்ல இடது மட்டும்தான் இருந்துச்சு மோளே. மலையில மண்ணு சரிஞ்சு, வலது வர்ற லாரி அங்கேயே நிக்குது. நாளைக்கு ஔசேப்புக்கு ஓட்டம் இருக்கு. ஒரு மாசம் தாங்கும். அடுத்த தடவை வரும்போது சத்தமில்லாம மாத்திடலாம்."

"அத சேட்டன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னா அவன் வண்டிய எதிர்க் கடைக்கு ஓட்டிட்டுப் போவான்."

"சொல்லாட்டி எங்க போவாரு முதலாளி? ஏத்தத்துல ஜாயின்ட் விட்டா என்ஜின் கத்தும், சக்கரம் சுத்தாது. வண்டி பின்னால உருளும். பின்சீட்டுல மூணு பேரு, எந்திரிச்சு நிக்கவே தெம்பில்லாதவங்க."

"பிரேக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"கார்டுல கையெழுத்துன்னும் ஒண்ணு இருக்கு."

மேஜையிலிருந்த பிளேடை எடுத்து வலது ரப்பர் உறையின் மடிப்பில் ஒரே இழுப்பாக இழுத்தாள். ஆசான் "ஐயோ" என்றார், தன் தோலைக் கிழித்ததைப் போல. மேலாகப் புதுக் கிரீஸ் மஞ்சளாக வந்தது. விரலை உள்ளே விட்டதும் கறுப்பாக, நெருநெருவென்று. அதைத் துணியில் தேய்த்தாள். இரும்புத் தூள் மினுங்கியது. ஜாயின்ட்டின் இரும்புக் குண்டு ஓடும் பள்ளம் தேய்ந்து, அதில் நகம் சிக்கியது.

ஆசான் துணியைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, பார்த்தாச்சுல்ல?" என்றார் ஸ்கரியா. "ஆசானே, வேற பூட் போடு. கார்டுல நானே கையெழுத்துப் போட்டுக்கறேன்."

லிஜி துணியை நான்காக மடித்தாள். கொக்கியில் தொங்கிய பையையும் குடையையும் எடுத்தாள். வழக்கமாக வந்ததும் சோற்றுப் பாத்திரத்தை ஜன்னல் திட்டில் வைத்துவிடுவாள். இன்று காலையிலிருந்து அது பைக்குள்ளேயே இருந்தது.

"எங்க கிளம்பிட்டே?"

"டீக்கடைக்கு. ஔசேப்புச் சேட்டன் அங்கதான் உக்காந்திருக்காரு."

"அப்படிப் போனா திரும்பி வராதே மோளே."

"போர்டுல 'என்ஜினியர்'ங்கறத அழிச்சிடுங்க" என்றாள்.

குடையை விரித்து, துணியைக் கையில் பிடித்தபடி, மழையில் சாலையைக் கடந்தாள்.