சிவப்பு நூல் மூட்டை

என் மகளுக்கு இது மூன்றாவது முறை. முதல் இரண்டும் நான்காம் மாதத்தைத் தாண்டவில்லை. இந்தத் தடவை மூன்று மாதம் முடிந்ததுமே போன் செய்தாள். "பிரசவம் வரைக்கும் அங்கேயே இருக்கேம்மா. உன் கையால சாப்பிட்டா நிக்கும்னு தோணுது." மறுநாளே மாப்பிள்ளை அவளையும் இரண்டு பெட்டிகளையும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

எங்களுக்கு ஐந்து ஏக்கர் கோதுமை. பதினான்கு வருடமாகப் பூச்சிமருந்தும் இல்லை, ரசாயன உரமும் இல்லை. எங்களைப்போல ஏழு குடும்பங்கள் விளைவிப்பதை டவுன் மில் அரைக்கிறது. மாவு அங்கிருந்து பேக்கரிக்கும் பள்ளிக்கூடச் சமையலறைக்கும் போகிறது. வெளியூர் லாரி வராவிட்டாலும் நம் டவுன் பட்டினி கிடக்காது என்று மில்காரர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். பள்ளியில் தாய்மார்களிடம் பேசப் போவது நான்தான். "உங்க பிள்ளைங்க சாப்பிடற ரொட்டிக்கு நான் பொறுப்பு" என்பேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

மகள் வந்த நான்காம் நாள் காலை வீட்டில் மாவு தீர்ந்துவிட்டது. பின்கட்டில் இருக்கும் சின்ன மெஷினில் அரைப்பதற்காக என் கணவர் ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு சமையலறை வழியாக வந்தார். அதன் வாயைச் சிவப்பு நூலால் கட்டியிருந்தது.

"அது என்னப்பா, மூட்டைக்கு ரிப்பன் கட்டி விட்டிருக்கீங்க?" என்றாள் மகள்.

"ஊருக்கு நடு, நமக்கு ஓரம்" என்றார் அவர். ஒவ்வொரு அறுவடைக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன ஜோக்.

"நானும் ஸ்கூல் படிக்கும்போதுலேருந்து கேக்கறேன். அதுக்கு என்னதான்பா அர்த்தம்?"

வயலைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்வதுபோலவே அவர் விளக்கினார். "பக்கத்து வயல்காரர் மருந்தடிக்கிறார் இல்லையா? காத்துல கொஞ்சம் இந்தப் பக்கமும் வரும். அதனால அந்த ஓரத்துல பன்னெண்டு வரிசைய தனியா அறுத்து, தனி மூட்டையில கட்டி, அடையாளம் போடணும். அது மில்லுக்குப் போகக் கூடாது. ஒரு மணி கூடக் கலக்கக் கூடாது. சட்டம்னா சட்டம்."

"அப்புறம் அதை என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது, குப்பையிலயா கொட்டறது? நாமதான்..."

அவர் நிறுத்தினார். மூட்டை தோளிலேயே இருந்தது. என் கை காலி மாவுப் பாத்திரத்துக்குள் இருந்தது.

பக்கத்து வயல்காரர் நல்ல மனிதர். மருந்தடிப்பதற்கு முந்தின நாள் வேலியருகே வந்து, "அக்கா, நாளைக்கு அடிக்கிறேன், துணியெல்லாம் உள்ள எடுத்துடுங்க" என்று சொல்லாமல் இருந்ததில்லை. நான் கொடியில் ஒரு கைக்குட்டைகூட விடாமல் எடுத்து உள்ளே வைப்பேன். அந்தப் பன்னிரண்டு வரிசைகளும் காற்றில் அங்கேயே நிற்கும்.

"எத்தனை வருஷமாம்மா?" என்று மகள் என்னைத்தான் கேட்டாள்.

"கொஞ்ச நாளாத்தான்" என்றேன்.

கணவர் என்னைப் பார்த்தார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "பதினாலு வருஷம்" என்றார். மருந்தை நிறுத்தியபோது அவளுக்கும் பதினான்கு வயது.

அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவள் மேஜையில் இருந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் காரணம் தெரியலைன்னுதானேடி சொன்னாங்க."

"ஆமாம்மா. இதுதான்னும் சொல்லல, இது இல்லைன்னும் சொல்லல."

மில்காரருக்குப் போன் செய்தேன். எங்கள் கோதுமையில் ஒரு மூட்டை மாவு வேண்டும் என்றேன். "உங்க வயல் மாவு உங்களுக்கேவா? கொல்லன் தெருவுலேருந்தே ஊசி கேக்கறாங்க" என்று சிரித்தார். மத்தியானத்துக்குள் மாவு வந்துவிட்டது. இவ்வளவுதான் வேலை. இந்தப் பதினான்கு வருடத்தில் எந்த வருடம் வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

ஏன் செய்யவில்லை? மற்றவர்களுக்கு நல்ல ரொட்டியை வைத்துவிட்டுக் கருகியதை எடுத்துக்கொள்கிறவள் நான். அதில் எனக்கு ரகசியமாக ஒரு திருப்தியும் உண்டு. ஓரத்துக் கோதுமையையும் அப்படித்தான் எனக்கென்று எடுத்துக்கொண்டதாக நினைத்தேன். என் தட்டுக்குப் பக்கத்தில் அவள் தட்டும் இருந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

புது மாவில் ரொட்டி சுட்டு வைத்தேன். அவள் வந்து உட்கார்ந்தாள். ஒரு துண்டு பிட்டாள், கையிலேயே வைத்திருந்தாள், தட்டில் வைத்துவிட்டாள்.

"இது மில்லு மாவுதான் கண்ணு" என்றார் கணவர்.

"தெரியும்ப்பா. பசிக்கல."

இரவும் பசிக்கவில்லை. மறுநாள் பால் மட்டும் குடித்தாள். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி என் வீட்டில் பட்டினி கிடப்பதை அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை. மாப்பிள்ளையை நானேதான் கூப்பிட்டேன்.

கிளம்பும்போது என் தோளில் கொஞ்ச நேரம் தலை சாய்த்திருந்தாள். "உன்மேல கோவம் இல்லம்மா. இங்க தட்டு முன்னால உக்காந்தாலே அந்த மூட்டைதான் ஞாபகம் வருது. அங்க போய் நானே சுட்டுக்கறேன்." மில்லிலிருந்து வந்த மாவை வேண்டாம் என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை அதைக் காரின் பின்னால் ஏற்றினார். "நாலாம் மாசம் முடிஞ்சதும் நானே போன் பண்றேன். அதுவரைக்கும் நீ பண்ணாத" என்றாள்.

இன்று காலைகூடக் கணவர் போனை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. நான்காம் மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.