தாளம் போடும் விரல்

மருந்து சொட்டத் தொடங்கியதும் டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். ஹெட்போனில் வரும் பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல் அவர் விரல் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டியது. வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டிய விரல். பக்கத்தில் அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

புற்றுநோய்ப் பிரிவில் இசை பயத்தைக் குறைக்கிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. பாதிப் பேருடைய ஹெட்போனில் பாட்டு வரும். மீதிப் பேருக்கு வெறும் மௌனம். யாருக்கு எது என்பது கேள்வி கேட்பவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், அவளையறியாமலே மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நோயாளிகள் அவளைக் 'கேள்விப் பொண்ணு' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"பயம் எவ்வளவுங்க ஐயா? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள."

"ரெண்டு."

"பாத்தியாம்மா," என்றாள் மனைவி. "வீட்ல ரேடியோ போட்டா தலைவலிம்பாரு. இங்க வந்து வித்வான் ஆயிட்டாரு. எல்லாம் பாட்டோட புண்ணியம். நான்தான் அடம்பிடிச்சு இதுல சேத்துவிட்டேன்."

அவர் சிரித்தார். ஆனால் கை நகர்ந்த இடத்தில் வியர்வை ஈரமாகப் படிந்திருந்ததைக் கேள்விப் பெண் பார்த்தாள். மனைவி மாத்திரை வாங்கக் கீழே போனதும் மெதுவாகக் கேட்டாள்.

"இன்னொரு தடவை சொல்றீங்களா ஐயா?"

அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். "இதுல என்னன்னா..."

"அதை மட்டும் சொல்லாதீங்க. எனக்குத் தெரியக் கூடாது."

"சரிம்மா. நம்பரை மட்டும் சொல்றேன். ஒன்பது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பிரேக் பிடிக்கலைன்னா டிரைவர் திரும்பி ஜனங்ககிட்ட சொல்வானா? அவ நிம்மதியா உக்காந்திருக்கா."

பெண் கையிலிருந்த பழைய தாள்களைப் புரட்டினாள். துணைக்கு வந்தவர்களை வெளியே போகச் சொல்ல மனம் வராமல், இத்தனை மாதமும் எல்லோரிடமும் அவர்கள் முன்னால்தான் கேட்டிருந்தாள். அன்பானவர் பக்கத்தில் இருக்கும்போது யாரால் நிஜத்தைச் சொல்ல முடியும்? பேராசிரியரிடம் சொன்னால் பழைய பதில்கள் எல்லாம் குப்பைக்குப் போகும். சொல்லத்தான் வேண்டும்.

ஒன்பது என்று எழுதினாள். கேள்வி முடியும்வரை ஆறுதல் சொல்லக் கூடாது என்பது விதி. முடிந்துவிட்டது. அவருடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆண்டவன் இந்த அறைக்கு வருவதானால் இப்படி ஒரு கையைக் கடன் வாங்கிக்கொண்டுதான் வருவான் என்று தோன்றியது.

மனைவி திரும்பி வந்தாள். மடியில் கிடந்த ஹெட்போனை எடுத்தாள்.

"அதை வைம்மா," என்றார் அவர் அவசரமாக.

"ஏன், நான் கேட்டா பாட்டு தேஞ்சிடுமா?"

காதில் மாட்டிக்கொண்டாள். கேள்விப் பெண் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனைவியின் முகத்தைப் பார்த்தால் தெரியக் கூடாதது தெரிந்துவிடும். வெளியே யாரோ சக்கர நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் மாத்திரைப் பை கீழே விழும் சத்தம் கேட்டது.

"நல்லாத்தாங்க இருக்கு," என்றாள் மனைவி கடைசியில். "போட்டுக்கோங்க. நான் எங்கேயும் போகலை."

நாற்காலியின் கைப்பிடியில் ஒரு விரல் தட்டத் தொடங்கியது. பிறகு வளையல் சத்தத்தோடு இன்னொரு விரல். முதலில் முன்னும் பின்னுமாக, அப்புறம் ஒன்றாக.

பெண் திரும்பிப் பார்க்கவில்லை.