பத்து மணிப் பசியாறல்

சன்னாசிக்குப் பிடித்தது என்னவென்று கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: நெத்திலி. பிடிக்காதது என்னவென்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. முட்டை கவிச்சி அடிக்கும். சப்பாத்தி செருப்புத் தோல். பச்சைப்பயறு வயிற்றுக்குள் மத்தளம் வாசிக்கும். ஓட்ஸ் கஞ்சியா, அது பால்வாளி கழுவிய தண்ணீர். அந்த மனுஷன் வாய் கூசாமல் இத்தனையும் சொல்லுவான். அவன் மனைவி நாகமணி அத்தனையையும் கேட்டுக்கொண்டு, மறுநாளும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்பை மூட்டுவாள்.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை கிடையாது. கலும்பாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட இருவருக்கும் அடுத்தடுத்த மர நிரை. தேங்காய்ச் சம்பலும் சோறும் ஒரே தூக்குச்சட்டியில் போகும், காலியாக வரும். எண்பத்து நாலாம் வருஷம் தைப்பூசம் முடிந்த கையோடு தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரசர் கார்த்திகேசு சோதித்துப் பார்த்து, சன்னாசிக்கு இனிப்பு நீர் வியாதி என்று சொல்லிவிட்டார். தேங்காய்ப்பால் சோறு கூடாது, டின்பால் கோப்பி கூடவே கூடாது. காலையில் ஒரு மாத்திரை, பசியாறுவதற்கு முன்னால். அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்த முட்டை, சப்பாத்தி, பயறு ஊர்வலம்.

அதோடு இன்னொன்றும் ஆரம்பித்தது. சன்னாசிக்குக் கை நடுங்கியது. இருபது வருஷம் பால்வெட்டுக் கத்தி பிடித்த கை ஒருநாள் பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கி மரத்தைக் காயப்படுத்திவிட்டது. நான் கட்டிக் கொடுப்பதை நாய்க்குப் போட்டுவிட்டுப் பட்டினியாக வெட்டுகிறான், வேறென்ன என்று நாகமணி முடிவு கட்டினாள். நாக்கு நீளம் என்று லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும்படி திட்டவும் செய்தாள்.

பங்குனியில் ஒருநாள் காலை, எட்டு மணி இருக்கும். அடுத்த நிரையிலிருந்து, வேலையை மேற்பார்க்கும் செல்லன் மண்டோர் கத்தினார்.

"நாகமணி! ஒம் புருஷன வந்து பாரு!"

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். சன்னாசி ஒரு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நன்றாக விடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் நெற்றி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து மரத்தில் இன்னொரு காயம்.

"என்னங்க, என்ன செய்யுது?"

"பால் லோரி வந்திருச்சா?" என்றான் அவன், குழறிக்கொண்டு. ரப்பர் பால் ஏற்றும் லோரி வர மத்தியானம் ஆகும்.

"சம்சுச் சாராயம் லா இது," என்றார் செல்லன். "காலங்காத்தாலேயே ஊத்திக்கிட்டு வந்திருக்கான்."

நாகமணிக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியதோ, புருஷனின் தாடையைப் பிடித்துத் திருப்பி, வாயை மோந்து பார்த்தாள். வெறும் கறுப்புக் கோப்பி வாசம்தான். சின்ன மகள் பிறந்த அன்று அந்தக் குழந்தையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து குடியை விட்டவன் அவன். ஒன்பது வருஷமாகிறது. தீபாவளிக்குக்கூடத் தொட்டதில்லை. இதெல்லாம் நாகமணிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் மோந்து பார்த்தாள், அதுவும் மண்டோர் முன்னால்.

"என்னையா மோந்து பாக்குற?" என்றான் சன்னாசி. அவ்வளவுதான்.

செய்வதறியாமல் தன் போத்தலில் இருந்த கோப்பியை அவன் வாயில் ஊற்றினாள். டின்பால் கெட்டியாக விட்ட தித்திப்புக் கோப்பி. ஆகாது என்பது அந்த அவசரத்தில் நினைவில்லை. பத்து நிமிஷத்தில் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விளக்கை அணைத்து, கத்தி எங்கே என்று தேடினான்.

"இதோட ரெண்டு மரம்," என்றார் செல்லன். "மூணாவது காயத்தப் பாத்தேன்னா, ஆபீஸ்ல பெரிய கிராணிகிட்ட சொல்லிருவேன். அப்புறம் புல்லு வெட்டத்தான் போகணும்."

கத்தி பிடித்தவனுக்குப் புல் வெட்டப் போவதைவிட அவமானம் தோட்டத்தில் கிடையாது. ஆனால் சன்னாசியை அது உறுத்தியதாகத் தெரியவில்லை. சாயங்காலம் சப்பாத்தியை வைத்தாள். பேசாமல் தின்றான். பயற்றை வைத்தாள். அதையும் தின்றான். ஒரு குறை சொல்லவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. குறை சொல்லாத சன்னாசியை அவள் கண்டதே இல்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் குளிக்கக்கூடச் செய்யாமல் மருந்தகத்துக்குப் போய் நின்றாள்.

"ஐயா, இனிப்பு ஆகாதுன்னு சொன்னீங்க. அந்த இனிப்புதான் அவரை எழுப்பி உட்கார வெச்சுது. இது என்ன கூத்து?"

கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றினார். "மாத்திரை எத்தனை மணிக்குப் போடுறார்?"

"அஞ்சு மணிக்கு. வீட்ட விட்டுக் கெளம்பும்போது."

"பசியாறுறது?"

"எல்லாரையும் போலத்தான், பத்து மணிக்கு."

"பத்து மணிக்கா?"

"பின்னே? வெயில் ஏறினா பால் நின்னுடும். கடைசி மரத்த வெட்டாம எவன் தூக்குச்சட்டியத் தெறப்பான்?"

டிரசர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "அம்மா, அந்த மாத்திரை ரத்தத்துல உள்ள சீனிய எறக்கும். போட்டு அரை மணிக்குள்ள சாப்பிட்டாகணும். அஞ்சு மணி நேரம் வெறும் வயித்தோட நடந்தா, கை நடுங்கும், வேர்க்கும், பேச்சுக் குழறும். குடிச்சவன் மாதிரியே இருக்கும். இப்படியே விட்டா ஒருநாள் விழுந்தவர் எந்திரிக்க மாட்டார்." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "நான் காலையில எந்திரிச்சதும் சாப்பிடுறவன். எல்லாரும் அப்படித்தான்னு நெனச்சிட்டேன். கேட்டிருக்கணும்," என்றார்.

அப்படியானால் அவன் சாப்பாட்டைக் கொட்டவில்லை. பிடிக்காததை எல்லாம் திட்டிக்கொண்டே தின்றிருக்கிறான், பத்து மணிக்கு, எல்லோரையும் போல. வரும் வழியெல்லாம் நாகமணிக்குத் தன்மேல்தான் எரிச்சல். பாவி, அந்த மனுஷனைப் போய் மோந்து பார்த்தேனே என்று மருகினாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். சன்னாசி சுவரைப் பார்த்துப் பதில் சொன்னான்.

"அஞ்சு மணிக்கு எவனுக்குத் தொண்டையில எறங்கும்? நடுவெட்டுல உக்காந்து, கை கழுவி, சட்டியத் தெறந்து மூடினா முப்பது மரம் போயிரும்."

அதுவும் நியாயம்தான். கையெல்லாம் பால் பிசின், அந்த நாற்றத்தோடு எதைத் தொட்டாலும் குமட்டும். ஆகவே உட்காராமல், கை கழுவாமல், ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே நடந்துகொண்டே தின்கிற பசியாறல் வேண்டும். இனிப்பு கூடாது, தேங்காய்ப்பால் கூடாது, முட்டைக் கவிச்சி கூடாது. இட்லி கட்டிக் கொடுத்தாள், உதிர்ந்து சட்டைப் பைக்குள் மாவானது. அடை சுட்டாள், பிசின் கையில் ஒட்டிக்கொண்டது.

வழி கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை கலும்பாங் சந்தையில். ஒரு மலாய்க்கார அம்மா வாழை இலையில் புலுட் என்கிற ஒட்டரிசிச் சோற்றைச் சுருட்டி, இரண்டு முனையிலும் ஈர்க்குச்சி குத்தி, தணலில் வாட்டி விற்றுக்கொண்டிருந்தாள். வாங்கியவன் இலையை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்துத் தின்றபடியே சைக்கிள் ஓட்டிப் போனான். சோற்றில் அவன் விரல் படவே இல்லை. நாகமணி காய்கறி வாங்க மறந்து அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

புலுட் சோற்றில் தேங்காய்ப்பால் உண்டு, அது ஆகாது. கேழ்வரகு மாவை வறுத்து, வெந்நீர் தெளித்துப் பிசைந்தாள். வேகவைத்த பச்சைப்பயற்றை அடையாளம் தெரியாமல் மசித்து உள்ளே தள்ளினாள். வெங்காயம், பச்சைமிளகாய், மேலே மொறுமொறுவென்று பொரித்த நெத்திலி தாராளமாக. விரல் நீளத்துக்கு உருட்டி, இலையில் சுருட்டி, அவித்து, கடைசியில் தணலில் ஒரு வாட்டு. இரண்டு சுருளைச் சட்டைப் பையில் வைத்தாள்.

"மாத்திரைய மொத மரத்தடியில போடுங்க. அம்பதாவது மரத்துல, அரை மணிக்குள்ள, இதைத் தின்னுருங்க."

சன்னாசி உள்ளே என்ன என்று கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்கடுத்த ஒன்பது நாளும் கேட்கவில்லை. கை நடுங்கவும் இல்லை. நாகமணி தன் நிரையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். ஐம்பதாவது மரத்தடியில் இரண்டு இலைத்தோல் கிடக்கும். அதைப் பார்த்தால் நிம்மதி. ஆனால் வீட்டில் அதே மௌனம்.

பதினோராம் நாள் செல்லன் மண்டோர் சன்னாசியின் நிரையை முதல் மரத்திலிருந்து கடைசி மரம் வரை பார்த்துக்கொண்டே வந்தார். நாகமணியும் பின்னாலேயே வந்தாள்.

"காயம் ஒண்ணும் இல்ல," என்றார் செல்லன். "வெட்டு சுத்தம்."

சன்னாசி கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகினான். நேராக நாகமணியிடம் வந்து, முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினான்.

"மோந்து பாரு."

மண்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். நாகமணி மோந்து பார்த்தாள். "நெத்திலி நாத்தம்," என்றாள். பிறகு மண்டோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்: "அன்னைக்கு நான் செஞ்சது தப்புங்க. ஒங்கள அப்படி மோந்து பாத்திருக்கக் கூடாது."

செல்லன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த நிரைக்கு நடையைக் கட்டினார்.

சன்னாசி மரத்தில் சாய்ந்திருந்த பால் கோப்பையை நேராக்கி வைத்தான். "அதுக்குள்ள பச்சைப்பயறு போடுற. இல்லையா?"

"ஆமா."

"மொத நாளே தெரிஞ்சுது. எனக்குப் புடிக்கல."

"அப்புறம் ஏன் பத்து நாளா முழுங்கினீங்க?"

"இன்னொரு தடவ எவ முன்னாலயும் எவன் முன்னாலயும் நீ என்னை மோந்து பாக்குற மாதிரி வெச்சுக்கக் கூடாதுன்னுதான்," என்றான் சன்னாசி. "நாளைக்கு நெத்திலிய இன்னும் கொஞ்சம் கூடப் போடு."