ஒரு வருஷக் கரண்ட்

"வெயில் ஜாஸ்தியா இருக்கு. அதனால இந்த வருஷம் குலுக்கலை முதல்ல வச்சுக்கலாம், தீர்மானமெல்லாம் அப்புறம்" என்று சங்கத் தலைவர் வெர்லின் ஃபவுட்ஸ் மைக்கில் சொன்னதும் நடீன் ஸ்டக்கி சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அந்த அமெரிக்கக் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், மின் கூட்டுறவுச் சங்க ஆண்டுக் கூட்டம் என்றால் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கம், பொரித்த கோழி, கடைசியில் குலுக்கல். நாற்பது வருஷமாக இதுதான் வரிசை. சீட்டு விழும்போது ஆள் அரங்கத்துக்குள் இருந்தால்தான் பரிசு. அந்த ஆசையில்தான் ஜனம் வரவு செலவையும் தேர்தலையும் கொட்டாவி விட்டபடி பொறுத்துக்கொள்ளும். குலுக்கல் முடிந்துவிட்டால் அப்புறம் நாற்காலிகளைப் பார்த்துத்தான் பேச வேண்டும். வெயிலாம் வெயில். உள்ளே ஏசி ஜிலுஜிலுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

நடீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஜனவரியிலிருந்து சாயங்காலம் தவறாமல் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியிருந்தாள். ஊருக்கு வடக்கே சோளக்காட்டில் ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டர்களை அடுக்கி ஓட்டுகிற ஒரு டேட்டா சென்டர் வரப்போகிறது. கவுண்டி மொத்தமும் எரிக்கிற கரண்டைப் போல மூன்று மடங்கு அதற்கு மட்டுமே வேண்டுமாம். அதற்காகப் புது லைன், புது சப்ஸ்டேஷன். அந்தச் செலவை எல்லோருடைய பில்லிலும் பரப்பிப் போடுகிற ஒப்பந்தத்தில் நிர்வாகக் குழு திங்கட்கிழமை கையெழுத்துப் போட இருந்தது.

நடீனின் தீர்மானம் அதை மறிப்பது. லைன் செலவை டேட்டா சென்டர்காரனே முன்பணமாகக் கட்ட வேண்டும். பாதியில் மூட்டை கட்டினாலும் பதினைந்து வருஷத்துக்கு உண்டான கரண்ட் கட்டணத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இன்று நிறைவேறினால் குழு அதை மீற முடியாது. ஆனால் ஓட்டு செல்லுபடியாக வேண்டுமென்றால் முந்நூறு உறுப்பினராவது அரங்கத்தில் இருந்தாக வேண்டும்.

ஊர் நியாயத்துக்காக உயிரை விடுகிற ரகம் இல்லை அவள். வீட்டில் கணவன் லைல், நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருக்கிறான். ஆக்சிஜன் மெஷின் ராவும் பகலும் ஓட வேண்டும். குளிர்காலத்தில் கட்டணம் ஒரு தரம் ஏறியதிலிருந்து அந்த மனுஷன் அவள் இல்லாத நேரம் பார்த்து மெஷினை அணைத்துவிடுகிறான். இரண்டு தடவை கையும் களவுமாகப் பிடித்தாள். "மெஷினுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுத்தேன்" என்றான், உதடு நீலம் பாரித்து. இன்னொரு தரம் கட்டணம் ஏறினால் என்ன செய்வான் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

காரியதரிசி மார்லா வாளியில் கைவிட்டுச் சீட்டுகளை எடுத்தாள். ஏணி ஒருவருக்கு, குளிர்பெட்டி ஒருவருக்கு. டோஸ்டர் விழுந்த கிழவர், "வீட்ல ஏற்கெனவே ரெண்டு இருக்கு, வச்சுக்கோங்க" என்று சீட்டைத் திருப்பி வாளியில் போட்டார்.

"திரும்பி வந்த பரிசு, கூட்டம் முடியும்போது மறுகுலுக்கல்" என்று மார்லா வழக்கம்போல ஒப்பித்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. டோஸ்டருக்காக எவன் காத்திருப்பான்?

நடீன் பக்கத்து நாற்காலிக்காரனைப் பார்த்தாள். டெல்பர்ட் ஓக்ஸ்லி, மடியில் கோழி டப்பாவும் கையில் கார்ச் சாவியுமாக இருந்தான்.

"டெல்பர்ட், ஓட்டு முடியிற வரைக்கும் இருப்பல்ல?"

"எங்க இருக்கறது? தீவனப் புல்லை அறுத்துக் காயப் போட்டிருக்கேன். மழைக்கு முன்னாடி கட்டணும்."

"வெயில்னு இப்பத்தானே உங்க தலைவர் சொன்னாரு?"

"வெயிலுக்கு அப்புறம் மழை வராதா?" என்று சொல்லிவிட்டு டெல்பர்ட் சிரித்தான். "நான் குலுக்கலுக்கு வந்தவன் நடீன். உனக்குத் தெரியாததா?"

முதல் பரிசு ஒரு வருஷத்துக்கு இலவசக் கரண்ட். மார்லா கடைசிச் சீட்டை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"நானூத்திப் பதினேழு. நடீன் ஸ்டக்கி."

அவள் மேடையேறுவதற்குள் பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட ஆரம்பித்துவிட்டன. வாசலில் இடிபாடு. டெல்பர்ட் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தான். உள்ளே எப்படிப் பார்த்தாலும் இருநூறு பேர் தேறமாட்டார்கள். வெர்லின் பரிசை எழுதிய மேசையளவு அட்டை ஒன்றை நீட்டினார், பல்லெல்லாம் தெரிய.

நடீனுக்கு மார்லாவின் வார்த்தை அப்போதுதான் உறைத்தது. குலுக்கலை முன்னுக்குத் தள்ளிய வெர்லின், மறுகுலுக்கலை மறந்துவிட்டார். அது இன்னும் பழைய இடத்திலேயே, கூட்டத்தின் கடைசியில்தான் இருந்தது.

அவள் மைக்கைப் பிடித்தாள். "எனக்கு இது..."

வெர்லினின் உள்ளங்கை மைக்கை மூடியது. விஷயம் அவருக்கும் விளங்கிவிட்டது. "நடீன், யோசிச்சுப் பண்ணு" என்றார் தாழ்ந்த குரலில். அவர் லைலோடு இதே அரங்கத்தில் பந்து ஆடியவர். "ஒரு வருஷம் பூரா லைல் மெஷின் ஓடும். நான் ஒண்ணும் உனக்குப் பிச்சை போடல. உன் சீட்டு விழுந்திருக்கு. வாங்கிட்டுப் போய் அவன் பக்கத்துல உக்காரு."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவளை அறுத்தது. வாங்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை வந்தது. யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டார்கள். ஒரு வருஷம் லைல் அந்த சுவிட்சைத் தொடமாட்டான். அதற்கு அடுத்த வருஷம்? அதற்கும் அடுத்தது? வாசலில் கூட்டம் கரைந்துகொண்டே இருந்தது.

"கைய எடு வெர்லின்."

"அவன்கிட்ட என்ன சொல்லுவ?"

"அது என் பாடு. கைய எடு."

கை விலகியது. "எனக்கு இந்தப் பரிசு வேண்டாம்" என்றாள் நடீன். "சீட்டை வாளியிலயே போடறேன். ஒரு வருஷக் கரண்ட், ஓட்டு முடிஞ்சதும் மறுகுலுக்கல். உள்ள இருக்கறவங்களுக்குத்தான். மார்லா, வழக்கம் அதானே?"

மார்லா வெர்லினைப் பார்த்தாள். பிறகு வாளியைப் பார்த்தாள். "அதான் வழக்கம்" என்றாள்.

வாசலில் நின்றவர்கள் அப்படியே திரும்பினார்கள். ஒருவன் வண்டிகள் நிற்கிற இடத்துக்கு ஓடிப்போய்க் கையைத் தட்டிக் கூப்பிட்டான். கோழி டப்பாக்களோடு வெயிலிலிருந்து ஜனம் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தது. டெல்பர்டும் வந்தான். "புல்லு எங்க போயிரும்?" என்றான் பொதுவாக.

மார்லா வரிசை வரிசையாக எண்ணினாள். நடீன் கூடவே உதட்டை அசைத்து எண்ணினாள். இருநூற்றுத் தொண்ணூறில் ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குக் கிளம்ப, நடீனுக்கு உயிரே போயிற்று. கடைசி வரிசை முடிந்தது. முந்நூற்று ஏழு.

தீர்மானத்துக்கு ஆதரவாக நூற்று எழுபத்தொன்று, எதிராக நூற்று முப்பத்தாறு. வெர்லின் முடிவை ஒழுங்காகவே வாசித்தார். அவர் முகத்தைப் பார்க்க நடீனுக்குத் தெம்பு இல்லை.

மறுகுலுக்கலில் பரிசு டெல்பர்ட் ஓக்ஸ்லிக்கு விழுந்தது. எதிராகக் கை தூக்கியவர்களில் அவனும் ஒருவன் என்பதை அவள் பார்த்திருந்தாள். இருந்தும் கை தட்டினாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அவள் காது முதலில் தேடியது மெஷின் சத்தத்தைத்தான். சத்தம் இல்லை. ஓடிப்போய் சுவிட்சைப் போட்டாள். லைல் சாய்வு நாற்காலியில் கண்ணைத் திறந்தான்.

"ரெஸ்ட்" என்றான்.

"வாயை மூடு. மூச்சை இழு."

நாலைந்து மூச்சுக்கு அப்புறம் அவன் கேட்டான். "குலுக்கல்ல ஏதாவது?"

"முதல் பரிசு நமக்குத்தான் விழுந்துச்சு. ஒரு வருஷக் கரண்ட். திருப்பிக் குடுத்துட்டேன்." எப்படி, எதற்கு என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

லைல் மெஷினைத் திரும்பிப் பார்த்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கல. கேட்டிருந்தா குடுத்துருன்னுதான் சொல்லியிருப்ப. அப்பறம் இங்க உக்காந்து அந்த ஒரு வருஷத்துக்கும் சேத்து மெஷினை அணைப்ப." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "பில்லு குறையாது லைல். அந்த டேட்டா சென்டருக்காக ஏறாது, அவ்வளவுதான். அதுக்கு நான் குடுத்தது உன் மூச்சை. இனிமே அந்த சுவிட்ச்சுல கை வச்சே, கைய ஒடிச்சிருவேன்."

அவன் தலையை ஆட்டினான். "யாருக்கு விழுந்துச்சு?"

"டெல்பர்டுக்கு."

"அந்தக் கஞ்சப்பயலுக்கா?" லைல் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியது. பிறகு மூக்கில் நழுவியிருந்த குழாயைத் தானே எடுத்துச் சரியாகப் பொருத்திக்கொண்டான்.