ஓர் அட்டை மட்டும்

பனி விலகாத விடியலில், குழைத்த களிமண் இரும்பாய்க் கனத்தது. பச்சையம்மா அச்சில் மணல் தூவி, மண்ணை அறைந்து நிரப்பிக் கவிழ்த்தாள். குனியும்போதெல்லாம் நிறைமாத வயிறு தொடையில் இடித்தது. மாநில எல்லைக்கு அப்பால், பழைய தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், தொழிலாளர்களின் கடைசி லைன் வீடுகளையும் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டையும் தாண்டியிருந்தது துளசிராமனின் செங்கல் சூளை. வேலூர்ப் பக்கத்து இருளர் குடும்பங்களே அங்கு வேலையாட்கள். சொல்லாமல் ஊர் திரும்பிவிடக் கூடாதென்று, வந்த அன்றே அவர்களுடைய ஆதார் அட்டைகளை வாங்கித் தம் பீரோவில் பூட்டிக்கொண்டிருந்தார் முதலாளி.

ஆஷா சுகாதார ஊழியர் ஈவ்லின் மூச்சிரைக்க வந்தார்.

"இன்னா பச்சையம்மா, இன்னுமா குனிஞ்சினு கீறே? ஆதார் இல்லாம ஆஸ்பத்திரில பிரசவத்துக்குத் தாயி கார்டு போட மாட்டேன்றாங்க. இது என் ஏரியாவே இல்லன்னு எனக்கும் திட்டு."

பச்சையம்மாவின் மூத்த மகன் இந்தச் சூளையோரத்தில்தான் பிறந்தான். இங்கே பிறப்பைப் பதியப் போனால், "உங்க ஊர்ல கேளு" என்றார்கள். ஊரில், "பொறந்த எடத்துல கேளு" என்றார்கள். இரண்டு மாநிலங்களுக்கும் அவன் இன்னும் பிறக்கவில்லை.

அவள் கையைக் கழுவிக்கொண்டு முதலாளியிடம் நடந்தாள்.

"மொதலாளி, அட்டையக் குடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"சூளை வெந்து எறங்கட்டும், தரேன்."

"கொழந்த அதுவரைக்கும் காத்துனு இருக்குமா?"

"காட்டுல பெத்துக்கிற ஜனந்தானே நீங்க? இன்னா புதுசா ஆஸ்பத்திரி?"

சூளை வாயில் விறகு தள்ளிக்கொண்டிருந்த கன்னியம்மா நிமிர்ந்தாள். "காட்டுல பெத்தப்போ சுத்தி நாலு பொம்பளைங்க இருந்தாங்க மொதலாளி. இங்க இவ மூத்தவனப் பெத்தப்போ உங்க மேஸ்திரிதான் இருந்தாரு, 'எழுந்து வேலைக்கு வாம்மே'ன்னு கத்தினு!"

சிரிப்பு களமெங்கும் பரவியது. கன்னியம்மா விறகைக் கீழே போட்டாள். ஒருவர்பின் ஒருவராக அச்சுகளும் இறங்கின. ஆண்களும் விறகுக் கட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். தீ தணிந்தால் அத்தனை கல்லும் அரைவேக்காடு என்பது முதலாளிக்கும் தெரியும். அவர் உள்ளே போய் ஒரே ஓர் அட்டையுடன் திரும்பினார்.

"இந்தா, உன்னுது. மத்தவங்க எழுந்து வேலையப் பாருங்க."

பச்சையம்மா அதை வாங்கிக்கொண்டாள். இடுப்பு விண்ணென்று தெறித்தது. எங்காவது படுத்தால் போதுமென்றிருந்தது. ஆனாலும் அவள் நகரவில்லை.

"கன்னியம்மாவுக்கு மூணு மாசம் மொதலாளி. அவளுதும் குடுங்க. எல்லாருதும் குடுங்க."

"உனக்குத்தான் கெடச்சிடுச்சே!"

"நீ போம்மே," என்றாள் கன்னியம்மா. "பெத்துட்டு வா. நாங்க இங்கதான் குந்தினு இருப்போம்."

ஈவ்லின் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார். மேட்டுப் பாதையில் நின்று பச்சையம்மா திரும்பிப் பார்த்தாள். முதலாளி யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். சூளை வாயில் தீ இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.