பத்து நிமிடத்துக்கு ஒரு படம்

கூடத்தில் கிடத்தியிருந்த கணவரின் தலைமாட்டில் இருந்த சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்ததும் அவள் எழுந்து வயரைப் பிடுங்கினாள்.

"அண்ணி, இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றான் கொழுந்தன்.

"பேட்டரி நெறஞ்சிடுச்சு. வண்டி ஆத்தங்கரை வழியாத்தானே போவுது? அங்க கொஞ்சம் நிறுத்தச் சொல்லு."

ஆற்றங்கரையில் பாலம் கட்டுகிறார்கள். அது வளர்வதைப் பத்து நிமிடத்துக்கு ஒரு படமாக எடுக்கக் கம்பத்தில் கேமரா வைத்திருந்தார்கள். அதற்குக் காவல் அவள் கணவர். பேட்டரி மூன்று நாள்தான் தாங்கும் என்று சொல்லித்தான் எஞ்சினியர் ஒப்படைத்தார். கேமராவில் இருந்த எழுத்து ஒன்றும் இவருக்குத் தெரியாது. குறிகளைப் பார்த்தே பழகினார். திரையை அணைத்தார். படத்துக்குப் படம் நடுவே அது தூங்கும்படி வைத்தார். லென்ஸ் தானாக முன்னும் பின்னும் அலையாமல் ஒரே இடத்தில் நிறுத்தி டேப் ஒட்டினார். குளிர் தாக்காமல் பெட்டிக்குள் தெர்மகோல் அடைத்தார். சோலார் தகட்டைத் தினமும் தன் துண்டால் துடைத்தார். மூன்று நாள் பதினொன்றானது, பிறகு மாதமானது. இரண்டு வருடத்தில் ஒரு படம் விட்டுப்போகவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த பன்னிரண்டு நாளும் மழை, தகட்டில் வெயிலே படவில்லை. "பேட்டரி சனிக்கிழமை வரைக்கும் இழுக்கும்" என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னார். இன்று சனிக்கிழமை. இரண்டு கரையையும் சேர்க்கும் நடுத்துண்டை இன்றைக்குத்தான் ஏற்றுகிறார்கள். எஞ்சினியரோ போனில், "பேட்டரி மாத்த நாளைக்கு ஆள் அனுப்புறேம்மா" என்றார்.

மாலைகளோடு அவரை ஏற்றிவந்த வண்டி கம்பத்தருகே நின்றது.

"நான் ஏறுறேன் அண்ணி."

"ஏணியில ஏறினா எறங்கத் தெரியாது ஒனக்கு. உங்கண்ணன்தான் ரெண்டு தடவ தூக்கி எறக்கினாரு. புடிச்சுக்க, போதும்."

சிரித்துவிட்டான். உடனே வண்டிப் பக்கம் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டான்.

அவள் ஏறித் திறந்த பெட்டிக்குள் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்றது. பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதைச் சொருகினாள். மூடி இரண்டு முறை நழுவியது.

"ஓடுதான்னு ஒரு படத்தப் போட்டுப் பாருங்களேன்."

"பாக்குறதுதான்டா பேட்டரியத் தின்னும். ரெண்டு வருசத்துல அவரு ஒரு படம் பாத்ததில்ல."

"ஒண்ணுகூடவா?"

அவள் பெட்டியில் காதை வைத்துக்கொண்டாள். எதிரே கிரேன் அந்தப் பெரிய துண்டை மெல்லத் தூக்கிக்கொண்டிருந்தது.

"நேரமாவுதும்மா" என்றார் டிரைவர், எஞ்சினை அணைக்காமலே.

நெடுநேரம் கழித்து உள்ளே டக் என்றது.

"விழுந்துச்சா அண்ணி?"

"விழுந்துச்சு."

"அப்ப எறங்குங்க."

"இன்னொண்ணு விழட்டும்" என்றாள், காதை எடுக்காமல்.

டிரைவர் அவளையும் கம்பத்தையும் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார்.