புதன்கிழமை வந்த ஃபில்டர்க்காரம்மா

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். பல்லின் மேலும் சத்தியம் செய்திருப்பேன், அது ஏற்கெனவே போய்விட்டது. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன். அவ்வளவு காலத்தில் ஒரு விபத்துக்கும் நான் காரணமில்லை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

முதல் புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். கதவைத் திறக்காமல் ஜன்னல் திரையை ஒரு விரல் அளவுக்கு விலக்கிப் பார்த்தாள்.

"மாமா, அந்தம்மா வந்துட்டாங்க. எதிர்வீட்டு அக்கா வேற வாசல்ல நிக்கிறாங்க. என்ன சொல்றது?"

"நர்ஸுன்னு சொல்லேன்."

"என்ன நர்ஸுன்னு கேப்பாங்களே."

கேட்பாள்தான். வந்திருந்தது சமூக மனநல நர்ஸ். கோர்ட்டு அனுப்பிய ஆள்.

விஷயம் என் பேத்தியைப் பற்றியது. பதினாறு வயது. ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில், வரிசையாக நின்ற ஒன்பது கார்களின் முன்கண்ணாடியை இரும்புக் கம்பியால் உடைத்தாள். பத்தாவது காரில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கம்பியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, போலீஸ் வரும்வரை அந்தக் காரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

சிறுவர் கோர்ட்டில் ஏன் உடைத்தாய் என்று கேட்டார்கள். "தூங்கிப் பதினோரு நாளாச்சு. தலைக்குள்ள சத்தம் நிக்கவே இல்ல" என்றாள். வீட்டுப் பெரியவர் என்று என்னையும் கேட்டார்கள். நான் எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்க வம்சத்துல அந்த மாதிரி வியாதி எல்லாம் கிடையாதுங்க" என்றேன்.

அவளுடைய அறைக்கு அடுத்த அறை என்னுடையது. பதினோரு நாளும் அவள் உள்ளே நடந்துகொண்டே இருந்தது எனக்குக் கேட்டது. நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். நீதிபதியம்மா அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்று வாரம் சீர்திருத்த இல்லத்தில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு நிபந்தனை. ஆறு புதன்கிழமை நர்ஸ் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் மறுபடியும் இல்லம்தான்.

எங்கள் தெருவின் நியாயமே தனி. கார் உடைத்தவள் என்றால் திமிர் பிடித்தவள். திமிருக்கு எப்படியும் ஒரு மாப்பிள்ளை கிடைத்துவிடுவான். தூக்கம் வராதவள் என்றால் அவள் வீட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். "ரவுடின்னு சொல்லட்டும் மாமா, தாங்கிக்கிறேன்" என்பாள் மருமகள். "மெண்டல்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா..." அதற்கு மேல் சொல்ல மாட்டாள்.

ஆகவே கதவைத் திறந்ததும் தெருமுனைவரை கேட்கிற மாதிரி, "தண்ணி ஃபில்டர் ரிப்பேர்தானே? வாங்க வாங்க, நேத்துலேருந்து சொட்டிக்கிட்டே இருக்கு" என்றாள்.

நர்ஸ் அசரவில்லை. இந்த ஊரில் நாற்பது பிள்ளைகளுக்கு அவள் ஒருத்திதான். பஸ்ஸிலேயே அலைகிறவள். முந்தைய வீட்டில் அவள் தையல் டீச்சர், அதற்கு முந்தைய வீட்டில் கரப்பான்பூச்சிக்கு மருந்தடிக்கிறவள். "ஆமாம்மா, எங்க இருக்கு?" என்று செருப்பைக் கழற்றினாள்.

அடுத்த புதன்கிழமை எதிர்வீட்டு அக்கா தன் வீட்டு ஃபில்டரை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இதையும் கொஞ்சம் பாத்துடுங்க."

நர்ஸ் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது வாரம் பதினேழு ஃபில்டர். வரிசை பால் பூத்தைத் தாண்டிப் போனது. ஃபில்டர் இல்லாத ஒருவர் வாளியோடு நின்றார். இஸ்திரிக்காரர் தன்னுடையதைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் அது கழுத்துவரை நிரம்பியது. நர்ஸ் குழாயைத் திருகி ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தாள். உப்பே இல்லை என்றார். நானும் குடித்துப் பார்த்தேன், இல்லைதான்.

பேத்தி நர்ஸுக்குப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருப்பாள்.

"நேத்து எவ்வளவு நேரம்?" என்பாள் நர்ஸ், ஃபில்டரைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"நாலு மணி நேரம்."

"சத்தம்?"

"இருக்கு. ஆனா பக்கத்துத் தெருவுல."

ஐந்தாவது வாரம் கேள்விக்குப் பதிலே வரவில்லை. திரும்பிப் பார்த்தால் நர்ஸின் தோளில் சாய்ந்து தூங்கிப் போயிருந்தாள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து வந்த செங்கல் லாரிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, லோடோடு லாரியைத் தெருக்கோடிவரை தன்னந்தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். பஸ் ஓட்டியவன் சொல்கிறேன், அது லேசான வேலை இல்லை.

அவள் எழுந்ததும் நர்ஸ் என்னைப் பார்த்தாள். "பெரியவரே, உங்க ஃபில்டரைக் கொண்டாரலையா?"

"என்னுது நல்லாத்தான் ஓடுது."

"ரேடியோவைச் சத்தமா வைப்பீங்களாமே?"

நான் மேலே பார்த்தேன். கூரையில் ஒன்றுமில்லை.

பேத்திதான் பேசினாள். "விடுங்க மேடம். ரேடியோ கேக்கறப்ப, தாத்தாவும் முழிச்சிருக்காருன்னு நெனச்சுக்குவேன். தனியா இல்லேன்னு இருக்கும்." இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள்.

ஆறாவது புதன்கிழமை பேத்தி வாசற்படியில் ஏறி நின்றாள். மருமகள் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் இறங்கவில்லை.

"இவங்க ஃபில்டர் ரிப்பேர் பண்றவங்க இல்ல. மனநல நர்ஸ். என்னைப் பாக்கத்தான் வர்றாங்க. எனக்குத்தான் மனசு சரியில்லாம இருந்துச்சு."

பிறகு எதிர்வீட்டு அக்கா ஃபில்டரை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "அடிப் போடி. ரெண்டாவது வாரமே தெரியும். எங்க ஃபில்டர் இன்னும் ஒழுகிக்கிட்டுதான் இருக்கு" என்றாள். "நாங்க என்ன அதுக்கா வந்தோம்?"

மருமகள் அவள் கையை விட்டாள். உள்ளே போய் முக்காலியை எடுத்துவந்து, எல்லோரும் பார்க்க வாசலுக்கு நடுவில் போட்டாள். "வெளியவே உக்காருங்க நர்ஸம்மா. காத்து வரும்."

நர்ஸ் ஆறு தாளையும் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டாள். பேத்தி வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

நிஜத்தில் நர்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு புதன்கிழமைதான், பேத்தி மறுபடியும் இல்லத்துக்கே போய்விட்டாள். எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டு நின்றதால், "அப்படி யாரும் இந்த வீட்டுல இல்லைங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தியது நான்.